கயிற்றைப் பிடித்தவர் வம்சம்

அமெரிக்காவில் ஒரு சங்கம். சந்தா கட்டினால் மட்டும் சேர்க்க மாட்டார்கள். 1620-ல் இங்கிலாந்திலிருந்து ‘மேபிளவர்’ கப்பலில் போய்க் குடியேறியவர்களின் வழித்தோன்றலாக இருக்க வேண்டும். வாய்ச்சொல் செல்லாது. தாய்வழியோ தந்தைவழியோ, ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, கல்யாணம், இறப்பு என அத்தாட்சி காட்ட வேண்டும். நம் ஆபீஸ் பைல்கள் தோற்றுப்போகும்!

1897-ல் தோன்றிய இந்த மேபிளவர் சந்ததியார் சங்கத்தின் தலைமையகம் மாசாசூசெட்ஸ் மாநிலத்துப் பிளிமத் நகரில் இருக்கிறது.

கப்பலில் போனவர்கள் 102 பேர். எல்லோரும் கனவான்கள் அல்ல. ஜான் ஹௌலண்ட் என்ற இளைஞர், ஜான் கார்வர் என்பவரின் வேலையாளாகப் போனவர். நடுக்கடலில் புயல். கப்பல் ஆடிய ஆட்டத்தில் கடலில் விழுந்துவிட்டார். வெளியே தொங்கிய பாய்மரக் கயிறு ஒன்று கைக்குச் சிக்கியது. விடவில்லை. மேலே இருந்தவர்கள் இழுத்துப் போட்டார்கள்.

கரை சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறைய பாதிப் பேர் மாண்டனர். 1621 வசந்தத்தில் எஜமானரும் போனார். ஹௌலண்ட் பிழைத்தார். அந்தக் குளிரில் பெற்றோரைப் பறிகொடுத்த எலிசபெத் டில்லியை மணந்தார். 10 பிள்ளைகள். ஜனாதிபதிகளாக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும், புஷ் தந்தையும் மகனும் இந்த வம்சமே.

வேலையாள் ஹௌலண்டின் பெயரைச் சொல்லிச் சங்கத்தில் சேர்ந்தவர்கள் ஏராளம். எஜமானர் கார்வருக்குச் சந்ததி இல்லை.