கிளாசிக் டிராக்டர்: ஆண்டுக் கணக்கும் உழவுக் கணக்கும்

பழைய டிராக்டர்கள் எல்லாமே ‘கிளாசிக்’ எனப் போற்றப்படுவதில்லை. வண்டியின் வயதைச் சட்டம் கணக்கிட, அது உழவில் எதை மாற்றியது என்பதைச் சேகரிப்பாளர்கள் கணக்கிடுவதால், அந்தத் தகுதிக்கான எல்லை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.

ஜெர்மனியில், 30 ஆண்டுகளைக் கடந்தும் பெருமளவு பழைய வடிவிலேயே பேணப்பட்டுள்ள வாகனம், தொழில்நுட்ப ஆய்வுக்குப் பின் ‘எச்’ என்னும் எழுத்தில் முடியும் பதிவெண்ணைப் பெறலாம். டிராக்டருக்கும் இது பொருந்தும். ஆயினும் அந்நாட்டுச் சேகரிப்பாளர்கள் தனி மதிப்பளிப்பது, மான்ஹைம் நகரின் லான்ஸ் நிறுவனம் 1921இல் வெளியிட்ட ‘புல்டாக்’ டிராக்டரின் வழிவந்த வண்டிகளுக்குத்தான். ஃபிரிட்ஸ் ஹூபர் வடிவமைத்த அதன் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில், சிலிண்டரின் முகப்பிலுள்ள குமிழைத் தீச்சுடரால் முதலில் சூடாக்கினால், அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். மின்பொறி தேவையில்லாத இந்த எளிய எஞ்சின் தரம் குறைந்த எண்ணெயிலும் ஓடியது.

பிரிட்டனில் வாகன வரிச் சட்டம் 40 ஆண்டுகளை வரலாற்று வாகனத்துக்குரிய வயதாகக் கொள்கிறது. ஆனால் டிராக்டர் ஆர்வலர்கள் பொதுவாக 1960ஐ ஒட்டிக் கோடு கிழித்து, அதற்கு முந்தியவற்றை ‘விண்டேஜ்’ என்றும் பிந்தியவற்றைக் ‘கிளாசிக்’ என்றும் பிரிக்கின்றனர். முந்திய வகைக்குச் சிறந்த சான்று, 1946 முதல் 1956 வரை கவன்ட்ரி நகரில் 5 லட்சத்துக்கும் மேல் உருவான ஃபெர்குசன் டிஇ20 ஆகும். கலப்பையை மூன்று இடங்களில் டிராக்டரோடு பிணைத்து, ஹைட்ராலிக் விசையால், அதாவது அழுத்தப்பட்ட எண்ணெயின் விசையால், ஏற்றி இறக்கும் ஹாரி ஃபெர்குசனின் அமைப்பு, இலேசான வண்டியையும் கடினமான உழவுக்கு ஏற்றதாக்கியது.

அமெரிக்காவிலும் 1960 ஒரு திருப்பமே. பல்லாண்டுகளாக இரண்டு சிலிண்டர் எஞ்சினையே நம்பியிருந்த ஜான் டியர் நிறுவனம் அவ்வாண்டில் நான்கு, ஆறு சிலிண்டர் வண்டிகளுக்கு மாறியதால், பழைய இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் தனி மரபாகச் சேகரிக்கப்படுகின்றன.

இந்தியாவில் நிலைமை வேறு. ஃபெர்குசனின் வழிவந்த மாசி ஃபெர்குசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வழியாக ஃபெர்குசன் மரபு தமிழக வயல்களிலும் வேரூன்றியது; அம்மரபில் வந்த வண்டிகள் இன்றும் இங்கு உழுதுகொண்டிருக்கின்றன. ஒரு நாட்டில் கண்காட்சிக்குச் சென்றுவிட்ட தொழில்நுட்பம் மற்றொரு நாட்டில் அன்றாடக் கருவியாகவே நீடிக்கும்போது, வயது மட்டும் ஒரு டிராக்டரைக் கிளாசிக் ஆக்கிவிடுவதில்லை; அதன் இடத்தை வேறொன்று பிடித்திருக்கவும் வேண்டும்.