கதிரை நமக்குப் பொருந்துகிறதா?

மலையில் கொழுந்து பறித்த தாய்மாரின் பிள்ளைகள் பலர், இன்று நோர்வூட், ஹட்டன் பகுதிக் காரியாலயங்களில் அமர்ந்து வேலை செய்கிறார்கள். ஆனால் இடுப்பு வலி மட்டும் விட்டபாடில்லை.

கதிரை மெத்தென்று இருந்தால் போதாது. பாதங்கள் தரையில் படிய வேண்டும். எட்டாவிட்டால் காலடியில் பலகை வையுங்கள். முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையே இரண்டு, மூன்று விரல் இடைவெளி அவசியம். சாய்மானம் இடுப்பைத் தாங்க வேண்டும். முழங்கை மேசை மட்டத்தில் இருக்கட்டும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடவுங்கள்.

நல்ல இருக்கை கேட்பது சோம்பலல்ல. நாளெல்லாம் நின்றே வேலை செய்த கேரளக் கடைப் பெண்கள் போராடியதால், அமரும் உரிமை அங்கு 2018இல் சட்டத்தில் இடம்பெற்றது. தமிழ்நாடு 2021இல் அவ்வழி சென்றது. நாமும் தயங்காமல் கேட்போம்.