திரையில் தெரிவது யாருடைய எண்?

2022 நவம்பரில் லண்டன் பெருநகரக் காவல் துறைக்கு ஒரு விநோதமான சிக்கல் வந்தது. மோசடி அழைப்புகளுக்கு ஆளாகியிருக்கக்கூடிய 70,000 பேரின் போன் எண்கள் அதன் கையில் இருந்தன. அத்தனை பேருக்கும் தகவல் சொல்லியாக வேண்டும். ஆனால், போலீஸ் பெயரில் ஒரு குறுஞ்செய்தி வந்தால் அதை எப்படி நம்புவது? ஏமாற்றுக்காரர்களும் போலீஸ் பெயரில்தானே அனுப்புகிறார்கள்? கடைசியில் காவல் துறை முன்கூட்டியே அறிவித்தது: நவம்பர் 24, 25 ஆகிய இரண்டு நாட்களில் மட்டுமே எங்கள் செய்தி வரும், அதற்குப் பிறகு வருவதை நம்ப வேண்டாம்.

அந்த எண்களெல்லாம் கிடைத்த இடம் 'ஐஸ்பூஃப்' என்ற இணையதளம். பிட்காயினில் பணம் கட்டினால் போதும். எந்த எண்ணிலிருந்து அழைப்பதாகத் தெரிய வேண்டுமோ அந்த எண்ணை அதுவே எதிராளியின் திரையில் காட்டிவிடும். பார்க்லேஸ், எச்எஸ்பிசி, லாயிட்ஸ் என்று பெரிய வங்கிகளின் பெயரைச் சொல்லி ஏமாற்றினார்கள். 2022 ஆகஸ்ட் வரையிலான 12 மாதங்களில் இந்தத் தளத்தின் வழியே உலகமெங்கும் போன மோசடி அழைப்புகள் சுமார் 1 கோடி. புகார் கொடுத்தவர்கள் சராசரியாக 10,000 பவுண்டு இழந்திருந்தார்கள். தளத்தை நடத்திய டீஜே ஃப்ளெட்சருக்கு 2023 மே மாதம் 13 ஆண்டு 4 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

இவ்வளவு பேர் ஏமாந்ததற்கு அவர்களின் அறியாமையைக் காரணம் சொல்வது பெரிய அநியாயம். வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் அதே எண் திரையில் வருகிறது. சரிபார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். சரிபார்க்கப் பயன்பட்ட அந்த எண்ணே பொய் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஒரு தபாலை எடுத்துக்கொள்வோம். உறையின் மேல் பெறுநர் முகவரி தப்பாக இருந்தால் கடிதம் போய்ச் சேராது. அனுப்புநர் முகவரியில் என்ன எழுதியிருந்தாலும் போய்ச் சேர்ந்துவிடும். தபால்காரர் அதைச் சோதிப்பதில்லை. போன் அழைப்பும் இப்படித்தான். அழைக்கப்படும் எண்ணை வைத்துத்தான் தொலைபேசி நிலையங்கள் பாதை போடுகின்றன. அழைப்பவரின் எண் அதோடு ஒட்டிக்கொண்டு போகும் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். அதில் எது எழுதப்பட்டிருந்தாலும் அழைப்பு இணைந்துவிடும்.

இந்தக் குறிப்பைச் சுமந்து செல்லும் சமிக்ஞை முறைக்கு எஸ்எஸ்7 என்று பெயர். 1970-களில் உருவானது. அன்று தொலைபேசி நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. ஒரு நிறுவனம் சொன்ன எண்ணை இன்னொன்று அப்படியே நம்பியது. எண்ணை மாற்றிக் காட்டுவதற்கு நியாயமான தேவையும் உண்டு: ஓர் அலுவலகத்தில் 200 மேசைகளில் 200 போன்கள் இருக்கும், வெளியே போகும் அழைப்பில் மட்டும் அலுவலகத்தின் பொது எண் தெரிய வேண்டும். இணையவழித் தொலைபேசி வந்த பிறகு, பெரிய நிறுவனங்களிடம் மட்டும் இருந்த இந்த வசதி ஒரு மடிக்கணினி வைத்திருக்கும் யாருக்கும் கிடைத்துவிட்டது.

வங்கி எண்ணைத்தான் திருட வேண்டும் என்பதில்லை. அக்கம்பக்கத்து எண்ணும் போதும். அமெரிக்காவில் ஏட்ரியன் அப்ரமோவிச் என்பவரின் நிறுவனங்கள் 2016-இன் கடைசி மூன்று மாதங்களில் மட்டும் 9 கோடியே 60 லட்சத்துக்கும் மேல் தானியங்கி அழைப்புகள் விட்டன. பெறுபவரின் எண் எந்த இலக்கங்களில் தொடங்குகிறதோ, அதே இலக்கங்களில் தொடங்கும் எண் திரையில் தெரியும். உள்ளூர் ஆள் யாரோ கூப்பிடுகிறார் என்று எடுத்தால், பேர்பெற்ற சுற்றுலா நிறுவனங்களின் பெயரில் விடுமுறைச் சலுகை விற்பார்கள். மருத்துவமனைகளுக்கான பேஜர் சேவை ஒன்றே இந்த அழைப்பு வெள்ளத்தில் தடுமாறியது. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2018-இல் அவருக்கு 12 கோடி டாலர் அபராதம் விதித்தது.

எரிச்சலூட்டும் எண்ணை பிளாக் செய்வது இங்கே ஏன் பலிப்பதில்லை என்பதும் இதிலேயே விளங்கிவிடும். அடுத்த அழைப்பு வேறு எண்ணில் வரும். பிளாக் ஆனதோ, இந்தக் கும்பலோடு ஒட்டும் உறவும் இல்லாத யாரோ ஒருவரின் எண்ணாக இருக்கும்.

பொறியாளர்கள் கண்ட மருந்து, அனுப்புநர் முகவரிக்கு ஒரு முத்திரை. 'ஸ்டிர்/ஷேக்கன்' என்ற முறையில், அழைப்பு புறப்படும் நிறுவனம் அதன்மேல் டிஜிட்டல் கையொப்பம் இடுகிறது. வாடிக்கையாளரையும் தெரியும், இந்த எண் அவருடையது என்பதும் தெரியும் என்றால் 'ஏ' தரம். ஆளைத் தெரியும், எண்ணுக்குப் பொறுப்பேற்க முடியாது என்றால் 'பி'. எங்கிருந்தோ வந்ததை வாங்கி அனுப்புகிறோம் என்றால் 'சி'. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களுக்கு 2021 ஜூன் 30 முதல் இது கட்டாயமானது. இதில் இரண்டு ஓட்டைகள். இணைய நெறிமுறையில் ஓடும் வலைப்பின்னலில்தான் கையொப்பம் நிலைக்கும்; வழியில் ஒரு பழைய இணைப்பகம் குறுக்கிட்டால் உதிர்ந்துவிடும். இன்னொன்று, முத்திரை குத்துபவர் ஒழுங்காகப் பார்த்துக் குத்த வேண்டும். 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதன்மைத் தேர்தலில் வாக்களிக்க வேண்டாம் என்று அதிபர் பைடனே சொல்வதுபோல ஏஐ குரலில் ஆயிரக்கணக்கான அழைப்புகள் போயின. திரையில் தெரிந்தது உள்ளூர் கட்சிப் பிரமுகர் ஒருவரின் எண். அந்த அழைப்புகளைக் கொண்டுபோன லிங்கோ டெலிகாம் அவற்றுக்குக் கொடுத்திருந்த தரம் 'ஏ'. பிறகு அந்த நிறுவனம் 10 லட்சம் டாலர் அபராதம் கட்டியது.

இந்தியாவின் தொல்லை இன்னொரு வகை. கும்பல் வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும். திரையில் மட்டும் +91 என்று தொடங்கும் நம்மூர் எண் வரும். வெளிநாட்டிலிருந்து +91 எண்ணில் வரும் எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் என்ன? துபாய்க்குப் போன மகன் ரோமிங்கில் அம்மாவை அழைத்தாலும் அப்படித்தானே வரும்! அதனால் ஒரே ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: இந்த எண்ணுக்குரிய சிம் இப்போது உண்மையிலேயே வெளிநாட்டில் இருக்கிறதா? அந்த சிம்மைக் கொடுத்த நிறுவனத்தின் பதிவேட்டில் இதற்கு விடை உண்டு. ஆனால், ஏர்டெல் நுழைவாயிலுக்கு வரும் அழைப்பில் ஜியோ எண் இருந்தால் ஏர்டெலுக்கு அது தெரியாது. எல்லா நிறுவனங்களின் தகவலையும் ஓரிடத்தில் பார்க்கும் மைய அமைப்பு 2024 அக்டோபர் 22 அன்று தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில், வெளிநாட்டிலிருந்து இந்திய எண்களோடு வந்த அழைப்புகளில் 90 சதவீதம், அதாவது சுமார் 1.35 கோடி அழைப்புகள், போலி என்று தெரிந்து தடுக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. பத்தில் ஒன்பது! கேட்பவருக்கு வயிற்றைக் கலக்கும் கணக்கு.

வாசல் அடைபட்டால் கும்பல் கொல்லைப்புறத்துக்குப் போகும். நூற்றுக்கணக்கான சிம்களைச் செருகிய 'சிம் பாக்ஸ்' பெட்டியை நாட்டுக்குள்ளேயே ஒரு வாடகை அறையில் வைத்து, வெளிநாட்டு அழைப்பை இணையம் வழியே அதற்குள் கொண்டுவந்து, உள்ளூர் அழைப்பாக வெளியே விடுகிறார்கள். இங்கே திரையில் தெரியும் எண் நிஜமான சிம் எண்ணேதான். பேசுகிற ஆள்தான் வேறு.

சரி, போன் மணி அடிக்கும்போது என்ன செய்வது? தபால் உறைக்கே திரும்புவோம். வருகிற அழைப்பில் எண் ஒரு குறிப்பு மட்டுமே. நாமே எண்ணை அழுத்தும்போது அதுதான் பாதை. திரையில் பொய் எண்ணைக் காட்டிய ஆளிடம் அந்தப் பாதை போகாது. எனவே வங்கி, போலீஸ், கூரியர் என்று யார் பெயரில் வந்தாலும் அழைப்பைத் துண்டித்துவிட்டு, பாஸ்புக்கிலோ அட்டையிலோ இருக்கும் எண்ணை நாமே அழுத்தி அழைக்க வேண்டும். அழைத்தவர் தரும் எண்ணை அல்ல. பிரிட்டனில் இதற்காகவே 159 என்ற எண் இருக்கிறது. அதை அழுத்தினால் அவரவர் வங்கிக்கு இணைப்பு போகும். தரைவழி போன் என்றால் கூடுதல் கவனம் நல்லது. பிரிட்டனில், அழைத்தவர் இணைப்பை வைக்காதவரை பழைய லேண்ட்லைன் இணைப்பு சிறிது நேரம் அறுபடாமல் இருந்தது. வைத்துவிட்டு மறுபடி எண்ணை அழுத்திய முதியவர்கள், மறுமுனையில் காத்திருந்த அதே ஆளிடமே பேசினார்கள். வேறு போனிலிருந்து அழைத்தால் இந்த வலையில் சிக்க மாட்டோம்.

இந்தியாவில் சந்தேக அழைப்பை அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தின் 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைத்த ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறும் நேரம்.

இன்னொரு தரப்பும் உண்டு, அதிகம் பேசப்படாத தரப்பு: தன் எண்ணைப் பிறர் போலியாகக் காட்டுவதால் மாட்டிக்கொள்பவர்கள். முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டு, "ஏன் இத்தனை தடவை போன் பண்றீங்க?" என்று சத்தம் போடுவார்கள். இவரோ யாரையும் அழைக்கவே இல்லை. அவருடைய போன் ஹேக் ஆகவும் இல்லை. உறையின் மேல் அவர் முகவரியை யாரோ எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சிம்மை மாற்ற அவசரப்பட வேண்டியதில்லை. இந்தக் கும்பல்கள் எண்ணை அடிக்கடி மாற்றுவதால், பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே வேறொருவர் எண்ணுக்குத் தாவிவிடும். அதுவரை கோபத்தோடு அழைப்பவர்களிடம் நடந்ததைப் பொறுமையாகச் சொல்வதுதான் வழி. அவர்களும் அன்று காலையில் ஏமாற்றப்பட்டவர்களாக இருக்கலாம்.