பத்தாண்டு வீடுகள்: போருக்குப் பிந்தைய பிரித்தானியாவின் தற்காலிகக் குடியிருப்புகள்

இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு உண்டாக்கிய வீட்டுப் பஞ்சத்தைத் தணிக்கப் பிரித்தானிய நாடாளுமன்றம் 1944இல் தற்காலிக வீட்டுவசதிச் சட்டத்தை இயற்றியது. அதன்வழி 1949க்குள் ஏறத்தாழ 1,56,000 ஒற்றைத்தள வீடுகள் எழுந்தன. தொழிற்சாலைகளில் பகுதிகளாகச் செய்து பொருத்தப்பட்ட இவ்வீடுகளின் ஆயுள் ஏறத்தாழ 10 ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டது. அலுமினிய வகை வீடுகளை, போர்ப்பணி குறைந்த விமானத் தொழிற்சாலைகள் செய்தளித்தன.

உள்ளேயே கழிப்பறை, குளியலறை, வெந்நீர், குளிர்சாதனப் பெட்டி, சுற்றிலும் தோட்டம் என அமைந்த இவ்வசதிகளை உழைக்கும் குடும்பங்கள் பல அதுவரை கண்டதில்லை. எனவே ‘தற்காலிகம்’ என்பது அரசின் கணக்கேட்டுச் சொல்லாகவே நின்றது.

தென்கிழக்கு லண்டனின் கேட்ஃபோர்டில் 187 வீடுகள் கொண்ட எக்ஸ்காலிபர் குடியிருப்பு இதற்குத் தக்க சான்று. 1945-46இல் ஜெர்மானிய, இத்தாலியப் போர்க்கைதிகளின் உழைப்பில் (பகைவர் கையாலேயே என்பது நோக்கத்தக்கது) எழுந்த இதில் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் மக்கள் வாழ்ந்தனர். இருப்பினும் நிலம் உள்ளாட்சி மன்றத்தினுடையது. மன்றம் இடித்துக் கட்ட முனைந்தபோது குடியிருந்தோரே இரு பிரிவாயினர். கல்நார் கலந்த சுவர்களும் பழுதும் சிலரை வெளியேறத் தூண்டின; தோட்டமும் அண்டை உறவும் பிறரைத் தடுத்தன. 2009இல் ஆறு வீடுகள் மட்டும் மரபுக் கட்டடங்களாகப் பட்டியலிடப்பட்டன. அப்பட்டியல் சுவர்களைக் காத்ததேயன்றி, குடியிருந்தோரின் உரிமையை வரையறுக்கவில்லை.