அத்தை மறைத்த கட்டி

"ஒரு நூல் அறுந்திருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது, அம்மிணி!" என்பார் எங்கள் அத்தை. அவிநாசிபாளையத்தில் எங்கள் வீடு. பனியன் கம்பெனியில் இருபது வருஷமாக அத்தைக்குச் செக்கிங் வேலை. அப்படிப்பட்டவர், தன் மார்பில் வந்த சிறு கட்டியை மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு எட்டு மாதம் மறைத்துவிட்டார்!

சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நான்தான் துணைக்குப் போனேன். புற்றுநோய் சிகிச்சையில் டாக்டர்கள் மேல்படிப்பு படிக்க, அங்கே 1984-ல் தொடங்கிய கல்லூரிக்கு டாக்டர் முத்துலட்சுமியின் பெயர்.

"உன் பிரசவத்துக்குக் கவர்மெண்டுல பணம் குடுத்தாங்கல்ல, அந்தப் பேருதானே?" என்றார் அத்தை.

அவரேதான்! 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம் பெற்றவர். சொந்தத் தங்கையையே புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தை மறக்காமல், ஊரெல்லாம் நிதி திரட்டி, 1954-ல் 12 படுக்கைகளோடு இந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்.

சகோதரிகளே, மார்பில் வரும் கட்டி எல்லாமே புற்றுநோய் அல்ல. ஆனால் 'வலிக்கவில்லையே' என்று சும்மா இருந்துவிடாதீர்கள். கட்டி, காம்பில் ரத்தக் கசிவு, தோல் சுருங்குதல் இவற்றில் எது தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள்.

அத்தை இப்போது தேறி வருகிறார். "துணியைப் பார்த்த கண்ணு, என்னைப் பார்க்கலையே!" என்று அடிக்கடி சொல்கிறார். நீங்களாவது பார்த்துக்கொள்ளுங்கள். அந்த டாக்டரம்மாவுக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.