வனக் காட்சியுடன் குழந்தைக் கார்டிகன்
முன்பக்கம் பொத்தான் போடும் இந்தக் கம்பளிச் சட்டையில் இரண்டு பின்னல் மரபுகள் சேர்கின்றன. ஜடைப் பின்னலுக்குப் பெயர்போனவை அயர்லாந்தின் அரன் தீவுகள். பல வண்ணப் பின்னலுக்கு ஷெட்லாந்தைச் சேர்ந்த ஃபேர் தீவு. அரன் ஸ்வெட்டரை மிகப் பழமையானது என்பார்கள். உண்மையில் அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது.

வனக் காட்சியில் மரத்தண்டுகள் ஜடையால் ஆனவை. சில கண்ணிகளைத் துணை ஊசியில் நிறுத்திவைத்து, அடுத்தவற்றை முதலில் பின்னினால் முறுக்கு விழும். முறுக்கு விழுந்த இடத்தில் அகலம் குறையும்; அதற்கேற்பக் கண்ணிகளைக் கூட்டாவிட்டால் சட்டை இறுகிவிடும்.

நரி, காளான், ஓக் இலை ஆகியவை வண்ணத்தில் வருகின்றன. ஃபேர் தீவு முறையில் ஒரு வரிசைக்கு இரண்டு நிறங்கள்தான். அந்தந்தக் கண்ணியில் வேலையில்லாத நூல் உட்புறமாக ஓடும். அது நீளமாக ஓடினால், கை நுழைக்கும்போது குழந்தையின் விரல்கள் சிக்கிக்கொள்ளும். அதனால் இடையிடையே அதைப் பின்னலோடு பிணைப்பார்கள்.

துணிச்சல் தேவைப்படுவது பின்னல் முடிந்த பிறகு. உடல் பகுதியைக் குழாயாக வட்டத்தில் பின்னி, முன்பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டித் திறப்பார்கள். ஷெட்லாந்து கம்பளி இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் வெட்டிய ஓரம் எளிதில் பிரியாது. வழுக்கும் பருத்தி நூலுக்கு இந்த முறை ஏற்றதல்ல.