ஊராட்சியும் ஊராரும் – 7: மேயர் இல்லாத மேரி

2017-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்கும் நகராட்சி ஆணையருக்கும் மூண்ட தகராறு புதுச்சேரிச் சட்டசபையில் எழுப்பப்பட்டு, ஆளுங்கட்சி எதிர்க்கட்சி என்ற பேதமின்றி உறுப்பினர்கள் ஆணையர்மேல் சினந்து, சபாநாயகர் வைத்திலிங்கம் அவரை அப்பதவியிலிருந்து விலக்கும்படி பணிக்க, தலைமைச் செயலரும் அவ்வாறே உத்தரவிட, சில தினங்களுக்குள் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி அந்த உத்தரவு செல்லாதென்று அறிவித்து, அதே ஆணையரை அதே நாற்காலியில் மறுபடியும் அமர்த்திய விசித்திரத்தைப் புதுவை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சபையின் கௌரவம் பெரிதா, ஆளுநரின் அதிகாரம் பெரிதா என்ற தர்க்கம் டீக்கடை வரைக்கும் நடந்தது. ஆனால் எந்த ஊரின் குப்பையையும் வரியையும் வாய்க்காலையும் பார்ப்பதற்காக அந்த உத்தியோகஸ்தர் நியமிக்கப்பட்டாரோ, அந்த ஊராருக்கு அவரை வைத்துக்கொள்ளவோ வேண்டாமென்று சொல்லவோ ஏதேனும் உரிமை உண்டா என்று ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்வதற்கு ஒரு சபை வேண்டுமே! நகரமன்றத்தின் ஆயுள் 2011-லேயே முடிந்திருந்தது.

அந்த ஆணையர் நல்லவரா, பிடிவாதக்காரரா என்ற விசாரணைக்குள் நான் புகப்போவதில்லை. வரி பாக்கியை வசூலிக்க முனைகிற எந்த அதிகாரிக்கும் விரோதிகள் தோன்றத்தான் செய்வார்கள். வசூலிக்காமல் சும்மா இருக்கிறவருக்கு நல்ல பெயர் கிட்டும். எவர் கண்டித்தது நியாயம், எவர் ஆதரித்தது நியாயம் என்று தீர்மானிப்பதற்குக் கணக்குப் புத்தகங்களும் ஒப்பந்தங்களும் பகிரங்கமாகப் பரிசீலிக்கப்படும் ஓரிடம் வேண்டும். அவ்விடம் இல்லாத ஊரில், நேர்மையான ஆணையருக்குச் சாட்சி கிடையாது, நேர்மையற்றவருக்குப் பயம் கிடையாது.

இத்தனைக்கும் ஸ்தல ஸ்தாபனங்களில் நாம் நேற்று முளைத்தவர்கள் அல்லர். 1880 மார்ச் 12-ஆம் தேதியிட்ட பிரெஞ்சு ஆணையொன்றினால் இங்கே கொம்யூன்கள் சிருஷ்டிக்கப்பட்டு, மேயரும் மன்றமும் ஏற்பட்டன. 1907-இல் அவற்றின் தொகை 17 ஆயிற்று. ஐரோப்பியருக்கு ஒரு வாக்காளர் பட்டியல், இந்தியருக்கு மற்றொன்று என்று வகுத்த பாரபட்சமும், தேர்தல் நாளன்று தடியர்களைக் கொண்டு பெட்டியைக் காவல் காத்த அக்கிரமமும் அந்த ஏற்பாட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன என்பது உண்மையே. பழைய காலத்தைப் பொற்காலமாக வர்ணிக்கும் ஆசை எனக்கில்லை. ஆயினும், 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் கூடி, இந்தியாவோடு இணைவதா வேண்டாமா என்று வாக்களித்த 178 பேர் யார் என்று பார்த்தால், பிரதிநிதி சபையின் அங்கத்தினர்களோடு இந்தக் கொம்யூன்களின் மன்ற உறுப்பினர்களும் அதிலே இருந்தார்கள். இணைப்புக்கு ஆதரவாக 170, எதிராக 8. ஒரு பிரதேசம் எந்த தேசத்தைச் சேர்ந்தது என்ற மகத்தான கேள்விக்குத் தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ளவர்கள் என்று கருதப்பட்டவர்கள், தங்கள் தெருவின் சாக்கடைக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதியைப் பின்னால் இழந்துவிட்டதுதான் இந்த அத்தியாயத்தின் கதை.

1968-இல் ஒரு தேர்தல் நடந்தது. 1973-இல் புதிய நகராட்சிச் சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டு குடியரசு தினத்தில் அமலுக்கு வந்தது. மேயர் என்ற பதவி போய்த் தலைவர் என்ற பதவி ஏட்டில் வந்தது. ஏட்டில் என்று சொல்லக் காரணம், அடுத்த தேர்தல் 2006-இல்தான், அதுவும் நீதிமன்றத்தின் கட்டாயத்தினால், நடந்தது என்பதே. முப்பத்தெட்டு வருஷம்! 1993 ஜூனில் அமலுக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், நகரமன்றத்தின் ஆயுள் 5 ஆண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்று ஐயத்துக்கிடமின்றி விதித்திருக்கிறது. யூனியன் பிரதேசங்களுக்கும் அந்த விதி உண்டு. 2006-இல் பிறந்த மன்றம் 2011-இல் மறைந்தது. 2014 நவம்பர் இறுதியில், கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் கட்டிய, மேரி என்னும் பழைய நகரமன்றக் கட்டடம் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கிக் கடன் உதவியால் அதைப் பழைய வடிவத்திலேயே எழுப்பி, 2021 பிப்ரவரியில் பிரதமரைக் கொண்டு திறந்தும் வைத்தோம். மேயரைத்தான் எழுப்ப முடியவில்லை.

மன்றம் இருந்தால் என்ன பெரிதாக மாறிவிடும் என்று கேட்பவர்கள் பெரிய மார்க்கெட்டுக்குள் ஒரு காலை வேளையில் நுழைந்து பார்க்கலாம். தலைச்சுமையாகக் கொண்டுவந்த கீரைக்கட்டைச் சாக்கின்மேல் பரப்பி உட்கார்ந்திருக்கும் அம்மாளிடம், கையில் ரசீதுப் புத்தகத்தோடு வரும் ஆள் அடிக்காசு வாங்குகிறார். நிர்ணயித்த தொகைக்கு மேல் ஒரு ரூபாய் அதிகம் கேட்டால், அந்த அம்மாள் யாரிடம் போவது? வார்டு உறுப்பினர் இருந்தால், அவர் எவ்வளவு சாமானியராயினும், அடுத்த கூட்டத்தில் எழுந்து குத்தகைப் பத்திரத்தை மேசைமேல் வைக்கச் சொல்லலாம், ஆணையரிடம் விளக்கம் கேட்கலாம், பத்திரிகைக்காரர் குறித்துக்கொள்வார். இப்போது அந்த அம்மாளின் குறை சட்டமன்ற உறுப்பினர் வாயிலாக அமைச்சருக்குப் போய், அமைச்சரிடமிருந்து செயலருக்கு இறங்கி வருவதற்குள் கீரை வாடிவிடும். சாலை வியாபாரிகளுக்கென்று 2014-இல் வந்த மத்தியச் சட்டமும் நகர விற்பனைக் குழுவுக்கு ஆணையரையே தலைவராக்கியிருக்கிறது. மன்றமுள்ள ஊரில் அது குற்றமில்லை, மன்றமில்லாத ஊரில் மனு வாங்குபவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவரே ஆகிவிடுகிறார். அந்த மார்க்கெட்டையே இடித்துக் கட்ட ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் முடிவு செய்தபோது, அதை நடத்தியது கம்பெனிச் சட்டப்படி அமைந்து அதிகாரிகள் நிர்வகித்த ஒரு நிறுவனம். ஒரேயடியாகக் காலி செய்ய மாட்டோம் என்று வியாபாரிகள் கடையடைத்துச் சொல்ல வேண்டியிருந்தது, சொல்வதற்கு வேறு சபை இல்லாமையால்.

அமெரிக்காவில் நகர நிர்வாகி என்றொரு பதவி உண்டு. 1913-இல் வெள்ளத்தால் பாழான டேட்டன் நகரம் மறு ஆண்டு இம்முறையை ஏற்றதிலிருந்து அது பிரசித்தமாயிற்று: ஜனங்கள் மன்றத்தைத் தேர்ந்தெடுப்பார்கள், மன்றம் தொழில் தெரிந்த நிர்வாகியைச் சம்பளத்துக்கு அமர்த்தும், பிடிக்காவிட்டால் விலக்கும். நம் ஆணையரை மன்றம் அமர்த்துவதும் இல்லை, விலக்குவதும் இல்லை. ஆனால் மன்றம் இருந்தால் மட்டும் போதுமென்றும் சொல்வதற்கில்லை. கலிபோர்னியாவில் பெல் என்ற ஏழைகளின் சிற்றூரில், நாற்பதாயிரத்துக்கும் குறைந்த ஜனத்தொகைக்கு நிர்வாகியாக இருந்த ராபர்ட் ரிஸோ, வருஷத்துக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் சம்பளம் எடுத்ததை 2010-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் வெளியிட்டது. மன்றத்தினரும் பகுதி நேர வேலைக்கு லட்சம் டாலர் அளவில் பெற்றுக்கொண்டிருந்தார்கள். இதற்கெல்லாம் வழிதிறந்த 2005-ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தவர்கள் 400 பேர்கூட இல்லை. 2014-இல் ரிஸோவுக்கு 12 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

நமக்கு அண்டையில் சென்னையின் அநுபவமும் இருக்கிறது. இல்லாத கூலியாட்களின் பெயரில் சம்பளம் எடுத்த மஸ்டர் ரோல் ஊழலைக் காரணம் காட்டி 1973-இல் மாமன்றம் கலைக்கப்பட்டது. 1996 வரையில் தனி அதிகாரிகளே ஆண்டார்கள். ஊழலுக்குத் தண்டனையாக மன்றத்தை எடுத்துவிட்டால், பாதிக்கப்பட்ட வாக்காளனும் கூடவே தண்டனை அநுபவிக்கிறான் என்பதை 23 வருஷத்தில் ஒரு சர்க்காரும் யோசிக்கவில்லை. மன்றத்தினர் யோக்கியர்கள் என்பது என் வாதமன்று. அடுத்த தேர்தலில் அவர்களை விலக்கலாம் என்பதே.

புதுவையில் ஆளுநரின் அன்றாடத் தலையீடு கூடாதென்று 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்ததும், 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்ததும் தனிக்கதை. அந்த வழக்கில் வாதிட்ட இரு தரப்புமே நகரமன்றத்துக்கு மேலே உட்கார்ந்திருப்பவர்கள். 2018-இல் உச்சநீதிமன்றம் உள்ளாட்சித் தேர்தலை நடத்தச் சொல்லியது. 2021 செப்டம்பரில் மூன்று கட்டத் தேர்தலுக்கு அட்டவணை வெளியாகி, இடஒதுக்கீட்டுக் குளறுபடியால் திரும்பப் பெறப்பட்டது. அக்டோபரில் புதிய அட்டவணை வந்து, பிற்படுத்தப்பட்டோரின் ஒதுக்கீடு நீக்கப்பட்டதால் கிளர்ச்சியும் வழக்கும் எழுந்து, அதுவும் நின்றது. 5 நகராட்சிகளிலும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளிலும் கோப்புகள் வழக்கம்போல் அதிகாரிகளின் கையெழுத்தோடு நகர்ந்துகொண்டிருந்தன. இடஒதுக்கீட்டுக் கணக்கை யார் எப்படிப் பிழையாகப் போட்டார்கள் என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.